உள்ளங்கை அளவு சிவப்பு

அத்தியாயம் 9

மார்ச் 14, வெள்ளிக்கிழமை, காலை 9.40. தோல் தொழிற்சாலையின் சாயக் கூடத்தில், மூன்றாம் எண் டிரம்முக்கு எதிரே இருக்கும் இரும்பு அலமாரியின் இரண்டாவது தட்டில் ஒரு காகித உறை இருந்தது. உறைக்குள் இருக்க வேண்டிய தோல் துண்டு இல்லை. துண்டின் நீளம் பத்து சென்டிமீட்டர், அகலம் பத்து சென்டிமீட்டர், நிறம் கருஞ்சிவப்பு.

10.15க்குச் சாய மாஸ்டரிடம் வேலைநீக்கக் கடிதம் கொடுக்கப்பட்டது. மாலை நான்கு மணிக்குள் துண்டு கிடைக்காவிட்டால் கடிதம் அமலுக்கு வரும் என்று கடைசி வரியில் இருந்தது. கையெழுத்திட்டவர் முதலாளி. முதலாளி, சாய மாஸ்டரின் தங்கை கணவர்.

10.50க்கு அந்தத் தங்கை துப்பறிவாளருக்குப் போன் செய்தார்.

“எங்க அண்ணன் இருபத்தாறு வருஷமா அங்க வேலை பாக்குறாரு. என் வீட்டுக்காரர் அவரைத் திருடன்னு சொல்லிட்டாரு. சாயங்காலத்துக்குள்ள நீங்க கண்டுபிடிக்கலைன்னா, இந்த வீட்ல ரெண்டுல ஒரு ஆம்பளைக்குத்தான் சோறு. யாருக்குன்னு நான் இன்னும் முடிவு பண்ணல.”

11.30க்குத் துப்பறிவாளர் தொழிற்சாலை வாசலில் இறங்கினார். பத்தொன்பது வருடம் தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் எரிந்த கிடங்குகளைப் பார்வையிட்டவர். வயது ஐம்பத்திரண்டு. அவரை எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள். உண்மையில் அப்படிக் கூப்பிடும் உரிமை உள்ளவன் ஒருவன்தான். அவருடைய கணவரின் தம்பி, அவருடைய உதவியாளன். அந்தக் கொழுந்தனுக்கு வயது நாற்பத்தொன்று. இதற்கு முன் அவன் ஆறு வேலைகளை விட்டிருந்தான். ஐந்து வேலைகள் அவனை விட்டிருந்தன.

வாசலைத் தாண்டியதும் கொழுந்தன் நின்றான்.

“அண்ணி, இது என்ன நாத்தம்?”

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் அண்ணி. மூன்று வருடம் முன்பு வந்த ஒரு காய்ச்சலோடு அவருக்கு வாசனை தெரிவது நின்றுபோயிருந்தது.

“உங்க மூக்கைக் கொஞ்ச நேரம் கடன் குடுங்க.”

“நடந்துகிட்டே இரு. நின்னாத்தான் ஜாஸ்தியா அடிக்கும்.”

சாயக் கூடத்தில் நான்கு டிரம்கள் இருந்தன. டிரம் என்பது ஒரு சின்ன அறை கொள்ளும் அளவுக்குப் பெரிய மரப் பீப்பாய். படுத்த வாக்கில் மெதுவாகச் சுற்றும். உள்ளே வெந்நீரும் சாயமும் தோலும் ஒன்றாகப் புரளும். பதனிட்ட தோல்கள் வெளிர் நீலமாக உள்ளே போகின்றன. சில மணி நேரம் கழித்து வேறு நிறமாக வெளியே வருகின்றன. தரை முழுவதும் ஈரம். சுவரில் ஆளுயரத்துக்கு எல்லா நிறமும் தெறித்திருந்தது.

சாய மாஸ்டர் ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் கடிதம் நீட்டிக்கொண்டிருந்தது. நகக்கண்கள் சிவப்பு.

கொழுந்தன் அண்ணியின் காதில் சொன்னான். “விரல் நுனியெல்லாம் சிவப்பு. கேஸ் முடிஞ்சுது அண்ணி. வீட்டுக்குப் போலாம்.”

“அங்க பாரு.”

கூடத்தில் இருந்த பதினான்கு பேருக்கும் நகக்கண் சிவப்பாகவே இருந்தது. ஒருவருடைய நகத்தில் அடியில் சிவப்பு, நடுவில் பழுப்பு, நுனியில் பச்சை.

“அவரு நகத்தை வெட்டாம விட்டா போன மாச ஆர்டர் வரைக்கும் படிக்கலாம் போல” என்றான் கொழுந்தன்.

மாஸ்டர் எழுந்தார். “வாங்க மேடம். காணாமப் போனது சாதாரணத் துண்டு இல்ல. இந்தக் கலர்தான் வேணும்னு செருப்புக் கம்பெனிக்காரங்க சரி பண்ணிக் குடுத்த சாம்பிள். பின்னாடி அவங்க கையெழுத்து இருக்கு. அறுநூறு தோல் அந்தக் கலர்ல போட்டு வெச்சிருக்கேன். நாலு மணிக்கு அவங்க ஆய்வாளர் வர்றாரு. கையெழுத்துப் போட்ட துண்டோட வெச்சுப் பாத்துத்தான் சரக்கை எடுப்பாங்கன்னு ஒப்பந்தம். துண்டு இல்லைன்னா சரக்கு இங்கயே கெடக்கும்.”

“உங்க மேல ஏன் சந்தேகம்?”

“அலமாரி சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு. போன வாரம் பக்கத்து ஃபேக்டரி மேனேஜரோட டீ குடிச்சேன். கலரைக் காப்பியடிக்கச் சாம்பிளைக் குடுத்துட்டேன்னு மாப்ள சொல்றாரு.”

“டீ குடிச்சப்ப என்ன பேசினீங்க?”

“அவருக்கு முட்டி வலி. எனக்கும் முட்டி வலி. அதைப் பத்திதான்.”

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி வந்துகொண்டிருந்தார். பேச்சு அவர் காதில் விழுந்திருந்தது.

“எத்தனை தடவை சொல்லியிருக்கேன் மச்சான், கேட்டுக்கு உள்ள வந்தா முதலாளி, வெளியிலதான் மாப்ள.”

“நீங்க மட்டும் உள்ளயும் மச்சான்னு கூப்பிடுறீங்க?”

“அது மரியாதை.”

“கடிதம் குடுத்தீங்களே, அது?”

முதலாளி கடிதத்திலிருந்து கண்ணை எடுத்தார். அண்ணியைப் பார்த்து, “என் வீட்டுக்காரி அனுப்பின ஆளா? பாருங்க. சாவி இவருகிட்ட. பூட்டு உடையல. வேற யார் எடுத்திருக்க முடியும்?” என்றார்.

அண்ணி அலமாரியைச் சுற்றி வந்தார். பூட்டைத் தொடவில்லை. கதவின் மறுபக்கத்தை, கீல் இருக்க வேண்டிய பக்கத்தை, ஒரு விரலால் இழுத்தார். கதவு பூட்டோடு சேர்ந்து எதிர்த் திசையில் திறந்தது. கீல்கள் இரண்டும் துருப்பிடித்து உதிர்ந்து ரொம்ப நாளாகியிருந்தது.

“பூட்டு ரொம்ப நல்ல பூட்டு” என்றான் கொழுந்தன். “கதவுதான் அதுக்குச் சரியா அமையல.”

“இப்படித் திறக்கும்னு யாருக்கெல்லாம் தெரியும்?” என்று அண்ணி கேட்டார்.

பதினான்கு பேரும் வேலையில் மும்முரமானார்கள்.

அண்ணி காகித உறையை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்தார். கொஞ்சம் தூள் விழுந்தது. வெட்டிப் போட்ட நகம் போல ஏழெட்டுச் சிவப்புத் துணுக்குகள் விழுந்தன. கடைசியாக, விரல் அகலத்தில், முழங்கையில் மடக்கிய கை போல ஒரு பட்டை விழுந்தது. ஒரு மூலையும் அதை ஒட்டிய இரண்டு ஓரங்களும் மட்டும் அதில் மிஞ்சியிருந்தன. பட்டையின் வெளி ஓரம் நேராக இருந்தது. உள் ஓரம் ரம்பம் போல இருந்தது.

“அண்ணி, தோலுக்குப் பல் முளைச்சிருக்கு.”

அண்ணி பல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் துணுக்குகளை எடுத்தார். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார். மேலிருந்து கீழ் வரை ஒரே சிவப்பு.

“இது யார் வெட்டினது?”

மாஸ்டர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “அது... நான்தான்.”

முதலாளியின் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா!”

“எதுக்கு வெட்டினீங்க?”

“சாயம் எவ்வளவு தூரம் இறங்கியிருக்குன்னு குறுக்கே வெட்டித்தான் மேடம் பாக்கணும். டிரம்ல இருந்து ஒரு தோலை எடுத்து ஓரத்தை வெட்டுவேன். நடுவுல நீலக் கோடு தெரிஞ்சா சாயம் இன்னும் உள்ள போகல. இன்னும் ஒரு மணி நேரம் சுத்தணும். முழுக்கச் சிவப்பா ஆனப்புறம் ஆசிட்டை ஊத்தி சாயத்தை அப்படியே பிடிச்சு நிறுத்திடுவேன். ஆனா எந்தச் சிவப்பு? சாம்பிளோட வெட்டுமுகத்தையும் பக்கத்துல வெச்சுத்தானே பாக்கணும்? ஒவ்வொரு தடவையும் அதுலயும் புதுசா ஒரு சீவு சீவுவேன்.”

“எல்லாத் தோலும் இப்படித்தானா?”

“இல்ல. சிலதுக்கு மேல பிக்மென்ட் அடிப்பாங்க. அது பெயின்ட் மாதிரி. மேலயே உக்காந்துக்கும். தழும்பு, கொசுக்கடி எல்லாத்தையும் மறைச்சிடும். இந்த ஆர்டர்ல அது கூடாது. வெறும் சாயம். தோல் எப்படி இருக்கோ அப்படியே தெரியணும்.” மாஸ்டர் குனிந்தார். “இப்ப சார் போட்டிருக்கிற ஷூ...”

“அசல் தோல்” என்றான் கொழுந்தன் நிமிர்ந்து நின்று. “கடைக்காரன் அவன் குழந்தை மேல சத்தியம் பண்ணிக் குடுத்தான்.”

மாஸ்டர் விரலை நனைத்து ஷூவின் மேல் ஒரு சொட்டு விட்டார். சொட்டு முத்து மாதிரி நின்று, உருண்டு, தரையில் விழுந்தது. அடுத்து மேசையில் கிடந்த ஒரு கருஞ்சிவப்புத் தோலின் மேல் ஒரு சொட்டு விட்டார். தோல் அதைக் குடித்தது. அந்த இடம் வட்டமாகக் கறுத்தது.

“சாயம் மட்டும் போட்ட தோல் தண்ணியைக் குடிக்கும். காஞ்சா பழைய கலருக்கு வந்துடும். உங்க ஷூ அசல் தோல்தான் சார். ஆனா அதுக்கு மூஞ்சியில நிறைய தழும்பு. நல்லா மேக்கப் போட்டு அனுப்பியிருக்காங்க.”

கொழுந்தன் ஷூவைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “அவன் குழந்தைக்கு ஒண்ணும் ஆகாம இருக்கணும்” என்றான்.

“மொத்தமா எவ்வளவு சீவினீங்க?” என்றார் அண்ணி.

“ஓரத்துல கொஞ்சம்” என்றார் மாஸ்டர்.

அடுத்த அறை பரிசோதனைக்கூடம். அங்கே மூக்குக்கண்ணாடி போட்ட பெண் ஒருவர் ஒரு சின்ன இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அது தோலின் மேல் வெள்ளைத் துணியை நூற்றைம்பது தடவை தேய்த்தது. துணியில் நிறம் ஒட்டினால் மோசம். செருப்புப் போடுகிறவரின் காலுறையிலும் ஒட்டும்.

“நீங்க சாம்பிள் துண்டைப் பாத்தீங்களா?”

“பாத்தேனே. ரெண்டு வாரம் முன்னாடி தேய்ச்சுப் பாக்குறதுக்கு ஓரத்துல கொஞ்சம் எடுத்துகிட்டேன்.” பரிசோதகர் பதிவேட்டைத் திறந்தார். பக்கத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிவப்புப் பட்டை ஒட்டியிருந்தது.

“யார்கிட்டயாவது கேட்டீங்களா?”

“எதுக்கு? ஓரத்துலதானே.”

அண்ணி அந்தப் பட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஸ்ப்ரே அறையில் முகமூடி அணிந்த ஆள் ஒருவர் நின்றார். கேள்வியைக் கேட்டதும் முகமூடியைக் கழற்றாமலே ஒரு டப்பா மூடியைக் காட்டினார். மூடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சிவப்புத் துண்டு ஒட்டியிருந்தது. அதில் பாதி லேசாகப் பளபளத்தது.

“கடைசியா நிறமில்லாத ஒரு பூச்சு அடிப்போம்ல, அது கலரை மாத்துதான்னு அதுமேல அடிச்சுப் பாத்தேன். இந்த ஆர்டருக்கு அது வேண்டாம்னு விட்டாச்சு” என்றார்.

“எங்க இருந்து எடுத்தீங்க?”

முகமூடிக்குள் இருந்து பதில் தெளிவில்லாமல் வந்தது. ஆனால் கொழுந்தனுக்குப் புரிந்துவிட்டது.

“ஓரத்துல கொஞ்சம்னு சொல்றாரு அண்ணி.”

மணி 1.05. பரிசோதனைக்கூடத்துக் கண்ணாடி மேசையின் மேல் அண்ணி எல்லாவற்றையும் பரப்பினார். பட்டைகளையும் துணுக்குகளையும் நகர்த்தி நகர்த்திச் சேர்த்தார். அரைமணி நேரத்தில் பத்துக்குப் பத்து சதுரத்தின் நான்கு ஓரங்களும் உருவாகிவிட்டன. நடுவில் மட்டும் ஓட்டை. ஓட்டையின் இரண்டு பக்கம் நேராக இருந்தது, மற்ற இரண்டு பக்கத்தில் பல் இருந்தது. கொழுந்தன் அளவுகோலை வைத்துப் பார்த்தான். ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர்.

“இப்ப சொல்றேன்” என்றார் அண்ணி. “இது திருட்டுப் போகல. நீங்க எல்லாருமாச் சேர்ந்து தின்னிருக்கீங்க.”

பரிசோதகர் தலையைக் குனிந்துகொண்டார். முகமூடிக்காரர் அப்போதுதான் முகமூடியைக் கழற்றினார்.

“ஆனா நடுவுல இருந்த துண்டை எடுத்தது நீங்க யாரும் இல்ல. உங்க எல்லாரோட வெட்டும் நேரா இருக்கு. கத்தியில வெட்டியிருக்கீங்க. நடுவுல பல் வெச்ச கத்தரி. அது இங்க யார்கிட்ட இருக்கு?”

பரிசோதகர் மெல்லச் சொன்னார். “வாங்குறவங்களுக்கு சாம்பிள் அட்டை தயார் பண்ண வெட்டுற கத்தரி மேடம். ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.”

“எங்க?”

“முதலாளி ரூம்ல. அவரு மேசை டிராயர்ல.”

கொழுந்தன் சாய மாஸ்டரைப் பார்த்தான். சாய மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

முதலாளியின் அறை மாடியில் இருந்தது. மேசையில் கண்ணாடி, பேனா ஸ்டாண்டு, மனைவியோடு எடுத்த படம். அந்தப் படத்தில் சாய மாஸ்டரும் ஓரமாக நின்றார். அண்ணி டிராயரைத் திறக்கச் சொன்னார். கத்தரி இருந்தது. பற்களின் இடையில் சிவப்புத் தூள் ஒட்டியிருந்தது.

“ஆமா, நானும் எடுத்தேன்தான்” என்றார் முதலாளி. “செவ்வாக்கிழமை. உறையை மேல கொண்டு வரச் சொல்லி, ஓரத்துல கொஞ்சம் வெட்டிக்கிட்டேன்.”

“நடுவுல இருந்து எடுத்திருக்கீங்க.”

“எல்லாரும் வெட்டி முடிச்சப்புறம் நடுவும் ஓரமாத்தானேம்மா தெரிஞ்சுது!”

“பின்பக்கம் கையெழுத்து இருந்ததே?”

“பின்பக்கத்தை யார் பாத்தா?”

“அப்புறம் எப்படி உங்க மச்சான் மேல பழி போட்டீங்க?”

“என் கைக்கு வந்தது இத்துனூண்டு. பத்து சென்டிமீட்டர் துண்டு காணோம்னு காலையில சொன்னாங்க. பெருசா ஒண்ணு வேற எங்கயோ இருந்திருக்கு, அதைத்தான் தூக்கிட்டாங்கன்னு நினைச்சேன். நான் எடுத்தது அதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

சாய மாஸ்டர் சட்டைப் பையில் இருந்து கடிதத்தை எடுத்து மேசையின் மேல் வைத்தார். “மாப்ள...”

“கேட்டுக்கு உள்ள...”

“மாப்ள” என்றார் மாஸ்டர் மறுபடியும், அழுத்தமாக. “அந்தத் துண்டு இப்ப எங்க?”

முதலாளியின் குரல் இறங்கிவிட்டது. “வீட்ல. ஹால் சுவத்துக்கு அந்தக் கலர் வேணும்னு உங்க தங்கச்சி கேட்டா. சாம்பிளை பெயின்டர்கிட்ட குடுத்தேன்.”

“நம்மளை வேலைக்குக் கூப்பிட்டவங்க வீட்லயே பொருள்” என்றான் கொழுந்தன். “காருக்கு பெட்ரோல் போட்டது வீண் அண்ணி. போன் பண்ணினப்பவே சுவத்தைப் பாருங்கன்னு சொல்லியிருக்கலாம்.”

2.20க்கு நால்வரும் முதலாளியின் வீட்டு ஹாலில் நின்றார்கள். ஐந்தாவதாகத் தங்கை இடுப்பில் கை வைத்து நின்றார். சுவர் இருபத்திரண்டு அடி நீளம், பத்தடி உயரம். தோலின் மேற்பரப்பு போலவே மெல்லிய சுருக்கம் விழுந்த பூச்சு. அதன் மேல் தரை முதல் கூரை வரை கருஞ்சிவப்பு. சோபாவும் விளக்கும் அதன் முன்னால் சின்னதாகத் தெரிந்தன.

“கலர் அருமையா வந்திருக்கு” என்று மாஸ்டர் தன்னையறியாமல் சொல்லிவிட்டார்.

முதலாளி பெயின்டருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“அந்தத் தோல் துண்டா சார்? சுவத்துலதான் ஒட்டினேன். பக்கத்துலயே வெச்சுப் பாத்தாத்தானே கலர் கலக்க முடியும்? மூணாவது தடவை கலக்கினதுல அப்படியே பொருந்திடுச்சு. அப்புறம் எங்க ஒட்டினேன்னு எனக்கே தெரியல.”

“எடுக்காமலே விட்டுட்டியா?”

“தெரிஞ்சாத்தானே சார் எடுக்க முடியும்.”

“அதுமேலயும் பெயின்ட் அடிச்சிட்டீங்களா?” என்று அண்ணி குறுக்கே கேட்டார்.

“அடிக்கலைங்க. ஒட்டினப்பவே ஓரமா டேப் போட்டு, சுத்தி மட்டும்தான் அடிச்சேன். சாம்பிளை நாசம் பண்ணக் கூடாதுல்ல. டேப்பை உரிச்சப்புறம் ஓரத்தைத் தூரிகையால நிரப்பிட்டேன். அவ்வளவு சுத்தமான வேலை சார் அது.”

“கையால தடவினா தட்டுப்படுமா?”

“படாது. பூச்சு உதிர்ந்து ஒரு குழி இருந்துச்சு. அதுக்குள்ள ஒட்டினேன். சுவத்தோட சமமா இருந்தாத்தான் கலர் சரியாத் தெரியும். நாலு மூலையிலயும் பசை ஒரு பொட்டு, அவ்வளவுதான்.”

போன் வைக்கப்பட்டது.

“சிவப்புச் சுவத்துல சிவப்புத் துண்டு” என்றான் கொழுந்தன். “இவ்வளவு நல்லா ஒளிச்சு வெச்ச ஆளை நாம இதுவரைக்கும் பாத்ததே இல்ல அண்ணி. அவருக்கு ஒளிக்கிற எண்ணமே இல்லைங்கிறதுதான் விசேஷம்.”

தேடத் தொடங்கினார்கள். முதலாளி டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தார். கொழுந்தன் கன்னத்தைச் சுவரில் ஒட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு இடமிருந்து வலமாக நடந்தான். மாஸ்டர் நகத்தால் தட்டித் தட்டிக் கேட்டார். அந்தச் சுருக்கங்களில் எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது. கொழுந்தன் மறுகோடிக்கு வந்தபோது அவனுடைய கன்னம் சுவரின் நிறத்துக்கு வந்திருந்தது.

“எல்லாத்துக்கும் காரணம் நீங்கதான்” என்று தங்கை கணவரிடம் சொன்னார்.

“கலர் கேட்டது யாரு?”

“நான் கலர் கேட்டேன். கையெழுத்தைக் கொண்டாந்து சுவத்துல ஒட்டச் சொன்னேனா? எங்க அண்ணன் பேரைக் கெடுத்துட்டு டார்ச் அடிக்கிறீங்க.”

“சுவரை மொத்தமா இடிச்சா கெடைக்கும்” என்றார் முதலாளி பலவீனமாக.

“இடிங்க. அப்புறம் நீங்களும் வெளியிலதான் படுக்கணும்.”

மணி 2.55. சோபாவில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்தார்.

“அம்மா, துணி இஸ்திரி போடுறப்ப தண்ணி தெளிக்கிற பாட்டில் இருக்கா?”

தங்கை கொண்டு வந்து கொடுத்தார். அண்ணி சுவரின் இடது ஓரத்தில் இருந்து தெளிக்க ஆரம்பித்தார்.

“என்ன பண்றீங்க? நேத்துதான் காஞ்சுது!” என்று முதலாளி பதறினார்.

“கழுவுற பெயின்ட்தானே?”

“கழுவுறதுதான். அழுக்கு துடைச்சா போயிடும்னு பெயின்டர் சொன்னான்.”

தண்ணீர் சுவரில் நிற்கவில்லை. சின்னச் சின்ன உருண்டைகளாகி, கோடுகளாகி, தரையை நோக்கி இறங்கியது. அண்ணி தெளித்துக்கொண்டே நகர்ந்தார். ஆறடி. பத்தடி. சோபாவின் பின்னால். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்து, தங்கை மறுபடி நிரப்பிக் கொடுத்தார்.

பதினான்காவது அடியில், ஆள் நெஞ்சு உயரத்தில், ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் இறங்கவில்லை.

எல்லோரும் அருகில் வந்தார்கள். சிவப்புச் சுவரின் நடுவே ஒரு சதுரம் மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது. அதன் இரண்டு ஓரம் நேராக இருந்தது. மற்ற இரண்டு ஓரத்தில் பல் இருந்தது.

“குடிக்குது” என்றார் சாய மாஸ்டர். “பெயின்ட் குடிக்காது. என் சாயம் குடிக்கும்.”

கொழுந்தன் தன் ஷூவைக் குனிந்து பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான். அன்று அவன் பேசாமல் இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

மாஸ்டர் சமையலறைக் கத்தி ஒன்றை வாங்கி, நாலு மூலையிலும் நுழைத்து, காயத்துக் கட்டைப் பிரிப்பது போலத் துண்டை எடுத்தார். திருப்பினார். பின்பக்கம் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்தது. ஊதினார். நீல மையில் கையெழுத்து முழுதாக இருந்தது.

சுவரில் ஆறுக்கு ஆறு சென்டிமீட்டரில் ஒரு வெள்ளைக் குழி மிஞ்சியது. தங்கை அதைப் பார்த்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். முதலாளி காரை எடுக்கப் போனார்.

காரில்தான் மாஸ்டருக்கு அடுத்த கவலை வந்தது. “மேடம், இது ஈரமா இருக்கு.”

“அதனால?”

“ஈரத் தோல் கறுப்பாத் தெரியும். அறுநூறு தோலும் காஞ்சு கிடக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சா கலர் பொருந்தலைன்னு தள்ளிடுவாரு.”

“ஹேர் டிரையர்?” என்றான் கொழுந்தன்.

“சூடு பட்டா சுருங்கிடும்.”

“ஜன்னல் வழியா நீட்டிப் பிடிக்கவா?”

“அதைக் காத்துல விட்டுட்டு இன்னொரு அத்தியாயம் தேடவா?” என்றார் அண்ணி. கொழுந்தன் துண்டைத் திறந்த உள்ளங்கையில் வைத்து, வழி முழுவதும் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு வந்தான். இறங்கும்போது கையைப் பார்த்தான். கன்னத்தில் சிவப்பு இருந்தது. உள்ளங்கையில் இல்லை.

“கையில ஒட்டவே இல்லையே!”

“ஆசிட் ஊத்தி நிறுத்தின சாயம் சார்” என்றார் மாஸ்டர். “என் கலர் ஒட்டாது.”

ஆய்வாளர் 3.52க்கே வந்து காத்திருந்தார். ஒல்லியான மனிதர். கையில் பூதக்கண்ணாடி. துண்டை வாங்கினார், கையெழுத்தைப் பார்த்தார், திருப்பினார், அடுக்கி வைத்திருந்த முதல் தோலின் மேல் வைத்தார்.

“சாம்பிள் கறுப்பா இருக்கு” என்றார். “சரக்கு வெளுப்பா இருக்கு.”

முதலாளி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார்.

சாய மாஸ்டர் ஒரு வாளியை இழுத்து வந்தார். கையை நனைத்து, அடுக்கில் இருந்த தோலின் ஒரு மூலையைத் தடவினார். “ரெண்டு நிமிஷம் பொறுங்க சார். டிரம்ல இருந்து வர்ற தோலை நாங்க காஞ்ச சாம்பிளோட ஒப்பிட மாட்டோம். சாம்பிளையும் நனைச்சுப்போம். ஈரத்தை ஈரத்தோட பாக்கணும், காஞ்சதைக் காஞ்சதோட பாக்கணும்.”

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சரியாக இரண்டு நிமிடம் நின்றார். தோலின் மூலை கறுத்தது. சாம்பிளை அதன் மேல் வைத்தார். பூதக்கண்ணாடியை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு அடுக்கின் நடுவில் இருந்து அவரே ஐந்து தோல்களை உருவி, அவரே நனைத்துப் பார்த்தார்.

“சாம்பிள் எதுக்கு ஈரமா இருக்கு?” என்று நிமிராமல் கேட்டார்.

முதலாளி வாளியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“ரொம்பப் பத்திரமா வெச்சிருந்தாங்க சார்” என்றான் கொழுந்தன். “முதலாளி வீட்லயே. சுவத்துக்குள்ள.”

ஆய்வாளர் இப்போதுதான் நிமிர்ந்தார். “சுவத்துக்குள்ளயா?”

“ஆமா சார். இருக்கிற இடம் குடும்பத்துக்கே தெரியாது.”

ஆய்வாளர் தலையசைத்து, அறிக்கையில் ஏதோ குறித்துக்கொண்டார். சாம்பிள் முழுதாகக் காயும் வரை காத்திருப்பதாகச் சொல்லி ஒரு நாற்காலி கேட்டார். நாற்காலி கொடுக்கப்பட்டது. காய்ந்த பிறகு காய்ந்த தோலோடு ஒருமுறை ஒப்பிட்டார்.

5.25க்கு அறிக்கையில் கையெழுத்தானது. அறுநூறு தோல்களில் ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று ஏற்கப்பட்டன. கழுத்துப் பகுதியில் சுருக்கம் இருந்ததால் ஏழு தள்ளப்பட்டன. நிறத்துக்காக எதுவும் தள்ளப்படவில்லை. சாம்பிளைப் பாதுகாக்கும் முறை என்ற கட்டத்தில் ‘மிக நன்று’ என்று எழுதப்பட்டிருந்தது.

5.40க்கு முதலாளி வேலைநீக்கக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சாய மாஸ்டர் சனிக்கிழமை காலை எட்டு மணி ஷிப்டுக்கு வந்தார். அன்று இரண்டாம் எண் டிரம்மில் பழுப்பு ஓடியது.